அகலம் அளந்தவள்

ராமநாதபுரத்தில் இன்றைக்கும் அந்தப் பேச்சு எழுந்தால், "அந்தப் பொண்ணு எழுதுன புரோகிராம்ல தப்பு" என்று ஒருவர் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுவார். பச்சைப் பொய். தலையாட்டுகிறவருக்குப் புரோகிராம் என்றால் என்னவென்றே தெரியாது, அதனால்தான் அவ்வளவு உறுதியாக ஆட்டுகிறார். அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தத் தலையாட்டலுக்கு ஒரு பெயரும் கிடைத்துவிடும். அந்தச் சுகத்தை இந்த ஊருக்கு நான் கொடுப்பதாக இல்லை.

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். ஜவுளிக்கடைக்கும் உரக்கடைக்கும் பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுப்பதுதான் தொழில். மின்விசிறி ஓடினால் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம், நின்றால் கீழே போய் டீ குடிக்கலாம். அவள் ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கம் ஒரு கிராமம். அய்யாவுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல் வயல். காரைக்குடியில் எம்.சி.ஏ. முடித்துவிட்டு வந்திருந்தாள். சென்னைக்குப் போகாமல் ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டால், "அங்கன போனாலும் இதே சண்டதான் போடுவேன், இங்கன போட்டா வீட்டுச் சோறு கிடைக்கும்" என்பாள்.

சண்டை என்றால் சும்மா சண்டை இல்லை. பழகுவதற்கு அவள் சுலபமான ஆளே அல்ல. காலையில் எப்போதும் தாமதம். வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுத்ததே கிடையாது. நான் எழுதியதில் ஒரு குறை தெரிந்தால் அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாள். நன்றாக இருந்தால் மட்டும் வாய் திறக்க மாட்டாள். ஆனால் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழ மாட்டாள். உரக்கடைக்காரர் தன் பில் கதையை ஆதியிலிருந்து அந்தம் வரை இழுத்தாலும், முழுவதையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பாள். டீ கொண்டுவரும் அண்ணனை மாடியில் எல்லோரும் 'முனி' என்றுதான் கூப்பிடுவோம். அவள் மட்டும் "முனியசாமிண்ணே" என்பாள். அதை அவள் மரியாதைக்காகச் செய்யவில்லை. அவருடைய அய்யாவும் அம்மாவும் வைத்தது அதுதான், பாதியை எடுத்துக்கொள்ள நமக்கு யார் உரிமை கொடுத்தது என்பது அவள் கேள்வி.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு டவுன் பஸ்ஸின் முன்பலகையைப் பார்த்து நின்றுவிட்டாள். உத்தரகோசமங்கை என்று எழுத ஆரம்பித்த ஓவியர், முதல் எழுத்தைத் தாராளமாகப் போட்டுவிட்டு, 'மங்கை' வரும்போது பலகை முடிந்துபோனதால் அதை மூலையில் எறும்பு அளவுக்கு நசுக்கியிருந்தார். இவள் நேரே கண்டக்டரிடம் போய்விட்டாள்.

"அண்ணே, இதுல ஊரு பேரு படிக்க முடியுதா?"

"ஊரு தெரிஞ்சவுக ஏறுவாகம்மா."

"தெரியாதவுகளுக்குத்தானண்ணே போர்டு."

கண்டக்டர் விசிலை ஊதிவிட்டார். பஸ் போன பிறகும் வெயிலில் நின்று அவள் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். எழுத ஆரம்பிக்கும் முன்பு முழுச் சொல்லும் எவ்வளவு அகலம் பிடிக்கும் என்று ஒரு நூலால் அளந்திருந்தால் போதாதா, அதற்குப் பிறகு எழுத்தைச் சின்னதாக்குவதா பலகையைப் பெரிதாக்குவதா என்று முடிவு செய்யலாமே என்று. நான் பசியில் இருந்தேன். அவள் சொன்னது சரிதான் என்பது சாப்பிட்ட பிறகுதான் உறைத்தது.

அவளுடைய வேலையும் அதுதான். இங்கிலீஷில் எழுதிய புரோகிராமைத் தமிழுக்கு மாற்றும்போது பொத்தான்கள் காலை வாரும். அங்கே 'அட்மிட்' என்று அடங்கிய பெட்டியில் இங்கே 'உள்நோயாளியாகச் சேர்க்க' என்று வர வேண்டும். வராது. பாதியில் வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடும். முதலாளி ஒரு கணக்கு வைத்திருந்தார். எழுத்துகளை எண்ணு, ஓர் எழுத்துக்கு இவ்வளவு என்று பெருக்கு, பெட்டி ரெடி. அவளுக்கு அதைக் கேட்டால் மூக்கு சிவந்துவிடும். "ரகரமும் ஞகரமும் ஒரே அகலமா சார்? ஒல்லியா இருக்கவனுக்கும் குண்டா இருக்கவனுக்கும் ஒரே சட்டையா தைக்கிறீக?" என்பாள்.

அவள் வழி வேறு. ஒரு சொல்லைத் திரையில் வரைந்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணினியிடமே கேட்கலாம். இந்த எழுத்துரு, இந்த அளவு, இந்தச் சொல், சொல்லு என்றால் அது அளந்து சொல்லும். சொன்ன அகலத்துக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் சேர்த்து, ஓடும்போதே பெட்டியை அந்த அளவுக்கு நீட்ட வேண்டும். வரிசையில் இடம் போதாவிட்டால் அடுத்த பெட்டி அடுத்த வரிக்கு இறங்க வேண்டும். அவ்வளவுதான். கேட்டால் எளிதாக இருக்கிறது. அந்த நாளில் எங்கள் கையில் இருந்த தமிழ் எழுத்துருக்களை வைத்துக்கொண்டு இதைச் செய்ய அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஒரு எழுத்துருவில் சரியாக வந்தது இன்னொன்றில் கொம்பை வெட்டும், கொம்பைச் சரிசெய்தால் காலை வெட்டும்.

பிறகுதான் அந்த ஆஸ்பத்திரி வேலை வந்தது. ஊரிலேயே பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் ஒன்று, பெயர் வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களின் பெயர் தமிழில் ஒவ்வொரு பெட்டியாகத் திரையில் வரும். லேப்காரர் பெட்டியை அழுத்தி, முடிவை உள்ளே பதிவார். அதுதான் டாக்டர் மேசைக்குப் போகும். அவள் எழுதிக் கொடுத்தபோது ஒவ்வொரு பெயரும் முழுசாக வந்தது. ராக்குவுக்குச் சின்னப் பெட்டி, மாரியப்பனுக்கு அதைவிடக் கொஞ்சம் நீளமான பெட்டி.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "பல்லு விழுந்த வாயி மாதிரி இருக்கு" என்றார். புது லேப் கம்ப்யூட்டரின் திறப்பு விழாவுக்கு முந்தின நாள், அவள் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு லீவில் போயிருந்த நேரம் பார்த்து, புரோகிராமில் அளக்கிற வரிகளை எல்லாம் எடுத்துவிட்டு, எல்லாப் பெட்டிகளையும் ஒரே அளவாக ஆக்கினார். கட்டம் கட்டமாக அழகாக வந்துவிட்டது. விழாவில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கைதட்டினார்கள் என்று எங்களுக்கு லட்டு வேறு வந்தது.

அவள் திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். லட்டைத் தொடவில்லை.

"சார், நம்ம சனங்க பேரு வைக்கிறது எப்பிடின்னு உங்களுக்குத் தெரியாதா? சாமி பேர முன்னால வச்சு, பின்னால மாத்தி மாத்தி வைப்பாக. உத்தரகோசமங்கை சுத்துல போயிப் பாருங்க, வீட்டுக்கு வீடு மங்களநாதன், மங்களசாமி, மங்களேசுவரி. முன்னாலதான் எல்லாருக்கும் ஒண்ணு. பின்னால உள்ளத வெட்டுனா யாரு யாருன்னு எப்பிடித் தெரியும்?"

"அதான் மூணு புள்ளி வருதுல்லம்மா. மிச்சம் இருக்குன்னு அதுலயே தெரியும்ல."

"அந்த மிச்சந்தான் சார் ஆளு."

முதலாளி சிரித்தார். அவள் பழைய வரிகளைத் திரும்பச் சேர்த்தாள். அவர் எடுத்தார். மறுபடி சேர்த்தாள். அவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். வாடிக்கையாளருக்குப் பிடித்திருக்கிறது, அத்தோடு பேச்சு முடிந்தது என்றார்.

களையெடுப்பு நடக்கிற மாதம் அது. ஆஸ்பத்திரியில் ஏதோ கலாட்டா, உடனே வாருங்கள் என்று முதலாளிக்கு அழைப்பு. எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார். வரவேற்பறையில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் நின்று கத்திக்கொண்டிருந்தார். நிலபுலன் உள்ள குடும்பம். அவருடைய மருமகள் மங்களநாயகி, மாசமாக இருக்கிறவள். ரத்தம் ரொம்பக் குறைவு, உடனே ரத்தம் ஏற்றாவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று இங்கே சொல்லியிருக்கிறார்கள். பதறியடித்து மதுரைக்குக் காரில் கொண்டுபோனால், அங்கே, "யார் சொன்னது? ரத்தம் நன்றாக இருக்கிறதே" என்றிருக்கிறார்கள்.

"எம்புட்டுப் பயந்துபோனோம் தெரியுமா? எம் மருமக சாப்பிடல, ஒறங்கல" என்றார் பெரியவர்.

அவர் கோபம் நியாயம். அதை நான் மறுக்கவில்லை. என் கோபம் அவரைச் சுற்றி நின்றவர்கள் மேல். டாக்டர் கும்பிட்டார். மேனேஜர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எங்கள் முதலாளி எல்லோரையும்விடக் குனிந்து நின்றார். யாரோ குளிர்பானம் வாங்க ஓடினார்கள். அத்தனை படித்தவர்கள் நின்ற அந்த அறையில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. அவள் பெரியவர் பேசி முடிக்கும்வரை பொறுத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அந்தக் கொறஞ்ச ரத்தம் யாரோடது?"

மேனேஜர்தான் முதலில் வாய் திறந்தார். "மொதல்ல இவுகளக் கவனிப்போம்மா."

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. லேப் அறைக்குள் போய் அந்த நாளின் திரையைத் திறந்தாள். நானும் பின்னால் நின்று பார்த்தேன். ஒரே அளவில் அழகான கட்டங்கள். அதில் அடுத்தடுத்து இரண்டு கட்டங்களில் 'மங்கள...', 'மங்கள...'. லேப்காரர் முதல் முடிவை இரண்டாவது பெட்டியிலும், இரண்டாவது முடிவை முதல் பெட்டியிலும் பதிந்திருந்தார். அவர் என்ன செய்வார் பாவம். அன்று வந்தவர்களின் பதிவேட்டைப் புரட்டியபோது இன்னொரு பெயர் முழுசாக வந்தது. மங்களவல்லி. வயிற்றில் பிள்ளை. ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கம். போன் நம்பர் கிடையாது. 'எல்லாம் நன்றாக இருக்கிறது, அடுத்த மாதம் வரவும்' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.

லேப் வாசலிலேயே மறித்த மேனேஜரிடம் சொன்னாள். "நாளைக்கு ஆள் அனுப்புவோம்" என்றார் மேனேஜர். முதலாளி அவளைக் கண்ணால் அடக்கப் பார்த்தார். பெரியவர் முன்னால் இன்னொரு தவறை ஒப்புக்கொள்வதாவது என்பது அவர் கவலை. நாளைக்காம். மருமகளுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் பெரியவருக்கு இன்றைக்கே குளிர்பானம். உயிருக்கு ஆபத்து யாருக்கு என்று தெரிந்த பிறகும் மங்களவல்லிக்கு நாளைக்கு ஆள்.

"வா புள்ள" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பஸ்ஸில் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தபடியே வந்தாள். அவளை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததே இல்லை. அவள் சத்தம் போட்டபோதெல்லாம் வராத பயம் எனக்கு அப்போது வந்தது.

அவளுக்குத் தெரிந்த பக்கம் என்பதால் ஊரைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வீட்டில் ஆள் இல்லை. களையெடுக்கப் போயிருக்கிறாள் என்றார்கள். கண்மாய்க்கரையிலிருந்து இறங்கி வரப்பில் நடந்தோம். வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள்.

"இங்கன மங்களவல்லி யாரு?"

வரிசையின் கடைசியில் ஒரு பெண் இடுப்பில் கை ஊன்றி மெல்ல நிமிர்ந்தாள். எட்டாவது மாதம் இருக்கும். உதடு வெளுத்திருந்தது. நிமிர்ந்ததற்கே மூச்சு வாங்கியது.

"நாந்தான். யாரு நீங்க?"

"ஆஸ்பத்திரியில இருந்து வாரோம். நீங்க உடனே எங்ககூட வரணும். உங்களுக்கு ரத்தம் ரொம்பக் கொறவா இருக்கு."

"நல்லாருக்குன்னுதான சொன்னாக. கெறக்கமா வருதுன்னு சொன்னதுக்கு, வெயிலுக்கு அப்பிடித்தான் இருக்கும்னாக."

"அது உங்க ரத்தம் இல்ல. இன்னொருத்தரோடத உங்களுதுன்னு சொல்லிட்டாக." அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினாள். கணுக்காலுக்கு மேல் சேறு. அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றாள். "எங்க மெசின்ல உங்க பேரப் பாதியா வெட்டிட்டோம். அதுல வந்த தப்பு. மன்னிச்சுக்கங்க."

"எம் பேரயா? எதுக்கு வெட்டுனீக?"

"பாக்க அழகா இருக்கணும்னு."

மங்களவல்லிக்கு விளங்கவில்லை. விளங்கும்படியாகச் சொல்ல அதில் என்ன இருக்கிறது? பக்கத்தில் நின்ற அவளுடைய நாத்தனார் கையில் இருந்த களையை வரப்பில் எறிந்துவிட்டு, "நட மதினி" என்றாள். நாலு பேரும் பஸ் ஏறினோம். மங்களவல்லி வழியெல்லாம் இவள் தோளில் சாய்ந்துகொண்டே வந்தாள். அன்று சாயங்காலமே ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் ஒரு வாரம் வயலில் குனிந்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பாள் என்று நர்ஸம்மா சொன்னார். அடுத்த மாதம் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு கொதிக்க மாட்டேன்.

ரத்தம் ஏற்றி இரண்டு நாள் கழித்து அந்தப் பெரியவர் எங்கள் மாடிக்கு வரவழைக்கப்பட்டார். முதலாளியே போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். தட்டில் பழம், பூ, ஒரு சால்வை. அவளைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, அய்யாகிட்ட மன்னிப்புக் கேட்டுரு. நீ எழுதுன புரோகிராம்னாலதான இம்புட்டும்."

"நான் எழுதுனதால இல்ல, நீங்க வெட்டுனதால" என்று அவள் கத்துவாள் என எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பெரியவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அய்யா, உங்க மருமக நல்லாருக்காக. நீங்க பயந்தது எனக்கு வருத்தந்தான். ஆனா மன்னிப்ப நான் வயக்காட்டுல கேட்டு முடிச்சுட்டேன். சாகக் கெடந்தது அவுகதான்."

பெரியவர் அதற்குக் கோபப்பட்டாரா என்று கேட்டால், இல்லை. "எந்த வயக்காடு?" என்று கேட்டார். அன்று அவள் கேட்ட கேள்விக்கு என்ன பதில் கிடைத்தது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் குறைந்த ரத்தத்தோடு ஒரு பெண் வயலில் குனிந்திருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. முதலாளி அவசரமாகச் சால்வையைப் பிரித்துப் போர்த்திவிட்டார், பேச்சு அதோடு அமுங்கியது. அன்று மாலையே அவளை, "நாளையிலருந்து வரவேணாம்" என்று அனுப்பினார். அடுத்த வாரத்தில், தப்பு செய்தவளை வேலையை விட்டு எடுத்துவிட்டோம் என்று ஆஸ்பத்திரிக்குச் சொன்னார். ஆஸ்பத்திரி ஊருக்குச் சொன்னது. ஊர் தலையாட்டியது.

அவள் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். சேறு காயாத காலோடு பஸ்ஸில் வந்த ஒரு பெண்ணின் மேல், பெட்டியை வெட்டியவனும் பழி சொன்னான், பெட்டி என்றால் என்னவென்று தெரியாதவனும் பழி சொன்னான். நான் அந்தக் கம்பெனியில் அதற்குமேல் நிலைக்கவில்லை. அந்தச் சிரிப்பின் முன்னால் உட்கார என்னால் முடியவில்லை.

ஒரு வருஷம் போயிருக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வேறு இடத்துக்குப் போகலாம் என்றால் அம்மா கேட்கவில்லை. கவுண்டரில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. நல்ல பெரிய எழுத்தில், தாராளமான இடைவெளியோடு, எந்த எழுத்தும் நசுங்காமல் எழுதியிருந்தார்கள். 'பெயரைச் சுருக்கமாகச் சொல்லவும்.'

பெட்டியைப் பெரிதாக்க மாட்டார்களாம். பெயரை நாங்கள் குறைத்துக்கொள்ள வேண்டுமாம்.

"சிவகாமசுந்தரி" என்றாள் அம்மா. கவுண்டரில் இருந்த பெண் தலைநிமிராமல் பேனாவால் பலகையைக் காட்டினாள். அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்ப சிவகாமின்னே போட்டுக்கம்மா" என்றாள், ஏதோ நம் மேல்தான் தப்பு என்பது போல.

"முழுசாப் போடு" என்றேன்.

"எடம் பத்தாதுக்கா. பொட்டி இம்புட்டுத்தான்."

"பொட்டி அம்புட்டு இல்ல. வெட்டி வச்சிருக்காக. முழுப் பேரும் வாரவரைக்கும் நான் இங்கனதான் நிப்பேன்."

பின்னால் வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. அந்தப் பெண் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அம்மா கூச்சத்தோடு என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுடி" என்றாள். "பேருதான."